விழித்திரை அறுவைக்குப் பின் ஒன்று இரண்டாகத் தெரிவது ஏன்?

ஒரு பேனாவையும் அதன் மூடியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, உங்கள் முகத்துக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் குறுக்காகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பேனாவைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒரே வீச்சில் மூடிக்குள் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் பேனா மூடிக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். பிள்ளை சிரிக்கும். இரண்டு கண்களையும் திறந்து செய்தால் முதல் வீச்சிலேயே உள்ளே போய்விடும்.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பார்வைக்கு உள்ள தனிச்சிறப்பு இதுதான். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் வலது கண் பிடிக்கும் படமும் இடது கண் பிடிக்கும் படமும் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை, சிறிது மாறுபடுகின்றன. மூளை அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டி ஒரே காட்சியாக்குகிறது. எஞ்சியிருக்கும் மிகச் சிறிய மாறுபாட்டைக் கொண்டுதான் எது அருகில், எது தொலைவில் என்று கணக்கிடுகிறது. 1838ஆம் ஆண்டில் இலண்டனில் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற அறிஞர் இதைக் காட்டினார். ஒரே பொருளைச் சற்று மாற்றி வரைந்த இரு தட்டைப் படங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டினால், பொருள் முப்பரிமாணமாக எழுந்து நிற்பதுபோல் தெரியும் என்று ஒரு கருவியே செய்து மெய்ப்பித்தார். சுழலும் அட்டைத் தட்டைப் போட்டு, இரு துளைகளில் கண்ணை வைத்துத் தாஜ்மகாலையும் சிங்கத்தையும் பார்த்த விளையாட்டுப் பொருள் பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இதே தத்துவம்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், பால்மரம் வெட்டுகிறவருக்கு இந்தப் பார்வைதான் மூலதனம். பட்டையைச் சீவும் கத்தி, மரத்தைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாய்ப் போனால் மரத்தில் காயம். மேலாகப் போனால் பால் குறைவு. இருட்டோடு தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடக்கிறவர் இந்தக் கணக்கை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை போடுகிறார். போடுகிறோம் என்ற நினைவே இல்லாமல் போடுகிறார்.

விழித்திரை கழன்று, அறுவை செய்து, "கண் பிழைத்துவிட்டது" என்று டாக்டர் நல்ல சேதி சொன்ன பிறகு, சிலருக்கு இந்தக் கணக்குத்தான் தப்பிப் போகிறது. வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, அவர் மட்டும் கோப்பியைக் குவளைக்கு வெளியே ஊற்றுகிறார், படிக்கட்டில் தடுமாறுகிறார், எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் இரண்டு வருகின்றன. கண்ணில் பூச்சி பறக்கிறது என்று சொன்னபோதே கேட்டுக்கொள்ளாத வீட்டார், இதையும் "பயத்தில் சொல்லுகிறார்" என்று தள்ளிவிடக்கூடும்.

விழித்திரை என்பது என்ன?

கண்ணின் உள்பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புத் தாள்தான் விழித்திரை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ கால் பங்கு. பழைய காமிராவுக்குப் பிலிம் எப்படியோ, கண்ணுக்கு இது அப்படி. அதன் நடுவில் மஞ்சள் புள்ளி என்றோர் இடம் உண்டு. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், ஆளின் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்னஞ்சிறு இடத்தால்தான். கண்ணின் உட்புறத்தை ஒரு தெளிந்த கூழ் நிரப்பியிருக்கிறது. வயதாக ஆக அந்தக் கூழ் நீர்த்துச் சுருங்கும். சுருங்கும்போது எங்காவது விழித்திரையைப் பிடித்திழுத்துக் கிழித்துவிட்டால், கிழிசல் வழியே நீர் உள்ளே புகுந்து, ஈரச்சுவரில் ஒட்டிய காகிதம் கழல்வதுபோல விழித்திரை கழன்றுவிடும்.

கிட்டப்பார்வைக்குக் கனமான கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் வந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். செம்பனைத் தோட்டத்தில் மட்டையும் காயும் மேலிருந்து விழுகிற வேலையில் இருப்பவர்களைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வேறு வழியில் வரும். இரத்தக்குழாய்கள் கெட்டு, தழும்பு படர்ந்து, அந்தத் தழும்பே விழித்திரையை இழுத்துக் கழற்றும்.

அறிகுறிகள் மூன்று. திடீரென்று கண் முன்னே கரும்புள்ளிகளும் நூல்களும் கூட்டமாக மிதப்பது. மின்னல் வெட்டுவதுபோல் ஓரத்தில் ஒளி தெறிப்பது. ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மறைவது. வலி இருக்காது. வலி இல்லாததால்தான் நம்மவர்கள் பொட்டுமருந்து வாங்கி விட்டுக்கொண்டு ஒரு வாரத்தைக் கடத்திவிடுகிறார்கள். மஞ்சள் புள்ளி கழல்வதற்குள் அறுவை நடந்தால் கிடைக்கும் பார்வை வேறு, கழன்ற பிறகு நடந்தால் கிடைக்கும் பார்வை வேறு. இந்த மூன்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே கண் டாக்டர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒட்டும் முறைகள்

நூறாண்டுக்கு முன்பு விழித்திரை கழன்றவர் கண்ணை இழந்தவர்தான். கிழிசலைத் தேடிப்பிடித்து அடைத்தால் கழன்றது ஒட்டும் என்பதை 1920களில் சுவிட்சர்லாந்தின் ஜூல்ஸ் கோனின் நிலைநாட்டினார். பிறகு, கண்ணுக்கு வெளியே வெண்விழியின்மேல் பட்டை வைத்துத் தைத்து, சுவரையே உள்ளே அமுக்கி விழித்திரையோடு சேர்க்கும் முறை வந்தது. 1949ல் ஜெர்மனியில் கஸ்டோடிஸ் தொடங்கியதை 1950களில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஷெப்பன்ஸ் வளர்த்தார். 1970ல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் நுண்கருவிகளைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தி அந்தக் கூழை வெட்டியெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கூழை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்பி விழித்திரையை அமுக்கிப் பிடிக்கிறார்கள். இன்று பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் அறுவையிலேயே விழித்திரை ஒட்டிக்கொள்கிறது.

விழித்திரை ஒட்டியது சரி. இரண்டு படங்களும் ஒன்றாக ஒட்டுகின்றனவா என்பது வேறு கேள்வி. ஒட்டாமல் போக ஒரு காரணம் இல்லை, பல உண்டு. எந்தக் காரணம் என்று தெரியாமல் வைத்தியம் செய்தால் பணமும் நாளும்தான் வீண்.

தசையில் வரும் கோளாறு

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. இரு கண்களின் பன்னிரண்டு தசைகளும் ஒரே தாளத்தில் இழுத்தால்தான் இரு கண்ணும் ஒரே பொருளை நோக்கும். வெளியே பட்டை வைக்கும் அறுவையில், டாக்டர் இந்தத் தசைகளை நூல் கட்டித் தூக்கி, அவற்றுக்கு அடியில் பட்டையைச் செலுத்துகிறார். தசை வீங்கும், சில நாள் சோர்ந்து கிடக்கும். ஆகையால் முதல் சில வாரம் ஒன்று இரண்டாகத் தெரிவது பலருக்கும் வருகிற ஒன்று. வீக்கம் வடிந்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் தசையும் பட்டையும் தழும்பால் ஒட்டிக்கொண்டு, கண் ஒரு திசையில் திரும்ப மறுக்கும். அவர்களுக்குத் தொல்லை நிலைத்துவிடுகிறது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நேரே பார்த்தால் ஒன்றாகவும், மேலே பார்த்தால் இரண்டாகவும் தெரியக்கூடும். மருத்துவமனையில் நேரே இருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். நீங்களும் சரியாகப் படித்துவிடுவீர்கள். ஆனால் செம்பனைக் குலை வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிறார். நீண்ட கம்பின் முனையில் அரிவாள். மேலே குலை ஒன்றா இரண்டா என்று தெரியவில்லை என்றால் கீழே நிற்பவருக்கும் சேர்த்து ஆபத்து. பால் வெட்டுகிறவருக்கோ கீழ்ப்பார்வை முக்கியம். எனவே டாக்டரிடம் "நான் இன்ன வேலை செய்கிறேன், இப்படித் தலையை வைத்துக்கொண்டு செய்கிறேன்" என்று செய்தே காட்டுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளியே அறுபது பேர் காத்திருக்கையில் அவர் கேட்க மறக்கலாம்.

பவர் வித்தியாசம்

கண்ணைச் சுற்றிப் பட்டையை இறுக்கினால், வாழைக்காயை நடுவில் கட்டியதுபோல, கண் சற்று நீண்டுவிடும். நீண்ட கண்ணுக்குக் கிட்டப்பார்வை கூடும். நம் கண்ணாடிக் கடைக்காரர் பேச்சில் சொல்வதானால் நூறு முதல் முந்நூறு பவர் வரை ஏறலாம். சிலிக்கோன் எண்ணெய் நிரப்பிய கண்ணில், சொந்த லென்ஸ் இருந்தால், நேர்மாறாகத் தூரப்பார்வைப் பக்கம் ஐந்நூறு அறுநூறு பவர் வரைகூடப் போய்விடும். எண்ணெயை எடுத்த பின்பே அது திரும்பும். வாயு நிரப்பிய கண்ணிலோ முதலில் ஒன்றுமே தெரியாது. வாயு கரையக் கரைய, பாதி நிரம்பிய தண்ணீர்ப் போத்தலை ஆட்டியதுபோல ஒரு கோடு கண்ணுக்குள் அசையும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இரு கண்ணுக்கும் முந்நூறு பவருக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால், கண்ணாடி போட்டும் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒரு கண்ணின் படம் பெரிதாகவும் மற்றதன் படம் சிறிதாகவும் விழுகிறது. சிறிய சட்டத்தில் பெரிய படத்தை மூளை எப்படி மாட்டும்? தலை வலிக்கும், தரை சாய்வதுபோல் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணாடியை விடக் கண்ணின்மேல் வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் நன்றாக உதவும். ஆனால் கையைக் கழுவ இடமில்லாத காட்டு வேலையில் அதை வைத்துக்கொள்வது சரிப்படுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

கூழை எடுக்கும் அறுவை செய்த கண்ணில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் கண்புரை வந்துவிடுகிறது. "ஒன்று போய் இன்னொன்றா" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். புரையை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸின் பவரை, மற்றக் கண்ணுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பவர் வித்தியாசத்தைச் சமன்செய்ய அது நல்ல சந்தர்ப்பம்.

மஞ்சள் புள்ளி இடம் பெயர்ந்தால்

மிகவும் குழப்பமானதும், பலர் கேள்விப்படாததும் இதுதான். கழன்ற விழித்திரை திரும்ப ஒட்டும்போது, பழைய இடத்திலேயே இம்மி பிசகாமல் ஒட்டும் என்று சொல்ல முடியாது. இழையளவு சரிந்து ஒட்டலாம். அல்லது ஒட்டிய பின் அதன்மேல் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்து சுருங்கி, மஞ்சள் புள்ளியை ஒரு பக்கமாக இழுக்கலாம். சுவரில் ஒட்டிய நாட்காட்டித் தாளில் ஒரு சுருக்கம் விழுந்தால் தேதிக் கட்டங்கள் கோணிப்போகின்றன அல்லவா? அப்படிக் கதவுநிலை வளைந்து தெரியும். ஆளின் முகம் நெளியும்.

இப்படிக் கோணிய கண்ணும் கோணாத கண்ணும் சேரும்போது மூளைக்குள் ஒரு வழக்கே நடக்கிறது. கண்ணின் ஓரப்பகுதிகள் பழைய இடத்தில் இருப்பதால், அவை "இரு கண்களையும் இப்படி வை" என்கின்றன. நடுப்புள்ளி இடம் மாறியிருப்பதால் அது "அப்படி வை" என்கிறது. ஓரத்தின் பரப்பு பெரிது; ஆகவே வெல்வது ஓரம்தான். விளைவு, அறையும் சன்னலும் ஒன்றாகத் தெரிய, நடுவில் பார்க்கும் எழுத்து மட்டும் இரண்டாகத் தெரியும். டாக்டர்கள் இதைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. திரையில் ஒரே ஒரு சிறு எழுத்தைக் காட்டுவார்கள்; விளக்கு எரிகையில் இரண்டாகத் தெரியும். அறையை முழுக்க இருட்டாக்கியதும், ஓரத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாததால், சில விநாடிகளில் இரண்டு எழுத்தும் நகர்ந்து ஒன்றாகிவிடும். விளக்கைப் போட்டால் மீண்டும் பிரியும்.

இந்த வகைக்கு முப்பட்டைக் கண்ணாடி நிலைத்த பலன் தருவதில்லை. போட்ட அன்று சரியாயிருக்கும்; சீக்கிரமே பழையபடி ஆகிவிடும். சவ்வை உரித்தெடுக்கும் அறுவை சிலருக்கு உதவுகிறது, எல்லாருக்கும் அல்ல. மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையில், மங்கலான ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவதே பலருக்கு நிம்மதி தருகிறது. அந்தக் கண்ணின் நடுப்படம் மங்கிவிடும், ஓர வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருக்கும், தொல்லை நின்றுவிடும். இவ்வளவு பெரிய அறுவைக்கு இவ்வளவு மலிவான தீர்வா என்று கேலி செய்கிறவர்களை விட்டுவிடுங்கள்.

சரிவைக் குறைப்பதில் நோயாளியின் பங்கும் உண்டு. கூழை எடுத்து வாயு நிரப்பிய உடனே, டாக்டர் சொன்ன நேரம்வரை முகத்தைக் கவிழ்த்து வைத்திருப்பது இந்த இடப்பெயர்ச்சியைக் குறைக்கிறது என்று அண்மைக்கால ஆராய்ச்சி காட்டுகிறது. கழுத்து வலிக்கும், முதுகு வலிக்கும். வந்து பார்க்கும் உறவினர் "நிமிர்ந்து பேசேன்" என்பார்கள். வீட்டுப் பெண்கள் இங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும். தலையணையை மேசைமேல் வைத்து, நெற்றியை அதில் சாய்த்து உட்காரச் செய்யுங்கள். தேநீரை உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுங்கள்.

இன்னொரு விசித்திரம். அறுவைக்குப் பின் பார்வை அறவே திரும்பாதவருக்கு இரட்டைப் பார்வை வருவதில்லை. ஓரளவு நன்றாகத் திரும்பியவருக்கே வருகிறது. மூளை ஒட்டுவதற்கு இரண்டு படம் இருந்தால்தானே ஒட்டவில்லை என்ற பேச்சு வரும்? ஆகவே இரண்டு தெரிவதைக் கண் கெட்டுப்போனதன் அடையாளம் என்று எண்ணி மனம் உடைந்துவிடாதீர்கள். செய்வினை என்று எண்ணிப் பணத்தைச் செலவழிக்கவும் வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

இரண்டாகத் தெரிந்தால், முதலில் வலது கண்ணைப் பொத்துங்கள். பிறகு இடது கண்ணை. எதைப் பொத்தினாலும் ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் சேர்வதில்தான் கோளாறு. ஒரு கண்ணைப் பொத்திய பின்னும் மற்றக் கண்ணுக்கு இரண்டாகவே தெரிந்தால், கோளாறு அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. புரையாகவோ பவர் கோளாறாகவோ இருக்கலாம். டாக்டர் கேட்கும் முதற்கேள்வி இதுதான். விடையோடு போனால் பாதி வேலை முடிந்தது. படங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றனவா, மேலும் கீழுமா, சாய்ந்தா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து நடுவில் ஒரு பொட்டு வையுங்கள். ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பொட்டையே பாருங்கள். கோடுகள் நெளிந்தால், நெளியும் இடத்தைப் பென்சிலால் வரைந்து டாக்டரிடம் காட்டுங்கள். அறுவை நடக்காத கண்ணையும் இப்படிப் பார்ப்பது நல்லது. ஒரு கண்ணில் விழித்திரை கழன்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மற்றக் கண்ணிலும் வருகிறது.

தசைக் கோளாறாக இருந்தால் உடனே அறுவைக்குப் போகமாட்டார்கள். பல மாதங்கள் காத்திருந்து, கோணம் நிலைத்த பின்பே முடிவு செய்வார்கள். அதுவரை கண்ணாடியில் ஒட்டும் முப்பட்டைத் தாள் உண்டு. பிறகு தேவைப்பட்டால் பட்டையை எடுப்பதோ, தசையை மாற்றித் தைப்பதோ நடக்கும். பட்டையை எடுத்தால் விழித்திரை மீண்டும் கழலும் அபாயம் இருப்பதால், அதை டாக்டர் யோசித்தே செய்வார். ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையானால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த வயதில் ஒரு கண் நெடுநாள் சும்மா இருந்தால் மூளை அதைப் பயன்படுத்தவே கற்காமல் போய்விடும்.

இரண்டாகத் தெரியும் நாட்களில் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடக்கலாம். ஓட்டலாமா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணாலும் தூரத்தை ஓரளவு கணிக்க முடியும். தலையை மெல்ல இருபுறமும் அசைத்தால் அருகில் உள்ளது அதிகமாக நகரும், தொலைவில் உள்ளது குறைவாக நகரும். நிழலும் வழி காட்டும். சில மாதங்களில் மூளை இதைக் கற்றுக்கொள்கிறது. தேநீர் ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கைக் குவளையின் விளிம்பில் தொடவைத்து ஊற்றுவது, படிக்கட்டின் விளிம்பில் வெள்ளைச் சாயம் பூசுவது போன்ற சிறு உபாயங்கள் உதவும். ஆனால் தலைவிளக்கோடு இருட்டில் மரம் வெட்டுவது இவர்களுக்குக் கடினம். விளக்கு கண்ணுக்கு மேலேயே இருப்பதால் நிழல் கண்ணுக்குத் தெரியாமல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விடிந்த பின் செய்யும் வேலையாகச் சில மாதங்களுக்கு மாற்றித் தரும்படி டாக்டரின் கடிதத்தோடு கிராணியையோ மேனேஜரையோ கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலையில் கண்ணில் அடிபட்டு இது நேர்ந்திருந்தால், அன்றைக்கே நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவித்து, பெர்கேசோ மனுவுக்கு வேண்டிய மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சந்தா கட்டும் தொழிலாளிக்கு வேலையிட விபத்துக்கு உதவி உண்டு. எழுத்துப் பலகையைப் படித்துவிட்டார் என்பதற்காக இரட்டைப் பார்வையைக் கணக்கில் விட்டுவிடாமல், அதையும் அறிக்கையில் எழுதும்படி டாக்டரைக் கேளுங்கள்.

கேமரன் மலை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணுக்குள் வாயு இருக்கும்போது விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறுவதும் அப்படித்தான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறையும், வாயு விரியும், கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அறுவை முடிந்த கையோடு தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வண்டி பிடித்துவிடாதீர்கள். வீடு மலையில் இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை கீழே எந்த உறவினர் வீட்டில் தங்குவது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் பல் பிடுங்கவோ வேறு எதற்கோ மயக்கம் கொடுக்க நேர்ந்தாலும், கண்ணில் வாயு இருப்பதை முதலில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கையில் கட்டிவிடும் பட்டையைக் குளிக்கும்போதுகூட அவிழ்க்க வேண்டாம்.